டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி வர வழி: வாசகர் கேள்விகள்

பழைய 1.4 லிட்டர் பெட்ரோல் காருக்கு டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும் கருவி) போட்டு ஆறு மாதம் ஆச்சுங்க. சிக்னலில் நின்றால் சைலன்ஸரில் நீலப் புகை. சீல் போய்விட்டது என்று சொல்லி இரண்டு தடவை டர்போ மாற்றியாயிற்று. மறுபடியும் அதே புகை. (பெருந்துறை வாசகர்)

நான்காவது டர்போ வாங்கிவிடாதீர்கள். முதலில் காரை மேலே தூக்கி, டர்போவிலிருந்து ஆயில் எஞ்சினுக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள்.

தோட்டத்தில் மோட்டார் பைப்பில் வரும் தண்ணீர் மேட்டுக்கும் ஏறும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் வாட்டம் இருந்தால்தான் போகும். டர்போவுக்கு ஆயில் போவது மோட்டார் பைப் மாதிரி, பம்ப் அழுத்தத்தில். திரும்பி வருவது வாய்க்கால் மாதிரி; தன் எடையில் இறங்கினால்தான் உண்டு. அதுவும் ஆயிலாக வராது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டில் அடிபட்டு, காற்று கலந்து நுரையாக வரும். நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் போகிற பைப் ஒல்லியாகவும் வருகிற பைப் தடியாகவும் இருக்கிறது.

வருகிற பைப்பின் உள்துளை 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டர்போ முதல் ஆயில் சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வரை இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் தொங்கி மேலேறினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கும். டர்போவில் ஆயில் வெளியேறும் வாயும் நேர் கீழே பார்க்க வேண்டும். சாய்வு 35 டிகிரியைத் தாண்டக் கூடாது.

டர்போவில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம். நிற்கும் ஆயிலை அதனால் தடுக்க முடியாது. கீழே வழி அடைத்தால் ஆயில் எக்ஸாஸ்ட் பக்கம் ஒழுகும், புகைதான். சீலைக் குற்றம் சொல்லி நல்ல டர்போக்களைக் கழற்றி எறிவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

பைப் சரியாக இருந்தும் புகை வந்தால், ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் புகை குறைந்தால், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் போதவில்லை என்று பொருள். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் சேம்பருக்குள் ஏறும் காற்றழுத்தம், வருகிற ஆயிலை எதிர்த்துத் தள்ளும்.

ரிட்டர்ன் பைப் மாட்டச் சேம்பரில் துளை போட வேண்டும். சேம்பரைக் கழற்றாமல், கிரீஸ் தடவி டிரில் போட்டால் தூள் உள்ளே விழாது என்கிறார்களே? (திருப்பூர் வாசகர்)

விழும். நானே தொழில் கற்ற புதிதில் அப்படிப் போட்டேன். கிரீஸ் முக்கால்வாசித் தூளைப் பிடித்தது. மீதி கிராங்க் பேரிங்கைக் கீறிவிட்டது. ஒரு கேஸ்கெட்டும் அரை நாள் வேலையும் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இறக்க வேண்டி வந்தது. கழற்றிவிடுங்கள்.

துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்தைக் கண்டுபிடிக்க, கழற்றும் முன்பு கொத்தனார் டியூப் லெவல் பார்ப்பதைப் போலச் செய்யலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, டிரெயின் போல்ட் இடத்தில் கண்ணாடிக் குழாய் மாட்டி, அளவுக் குச்சியின் மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். குழாயில் ஆயில் நிற்கும் உயரத்தைச் சேம்பரின் வெளியே கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேலே துளை வையுங்கள். கிராங்க் சுழன்று ஆயிலை வீசி அடிக்கும் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

இரும்புச் சேம்பர் என்றால் வெல்டிங் எளிது. அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பைப் மாட்டும் நட்டைக் கடைந்து, துளையில் வெல்டிங்கில் ஒட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்தே வாங்குங்கள்.

துளையே போடாமல் டேப்பெட் கவரில் ரிட்டர்ன் கொடுக்கலாமா? (கோபி வாசகர்)

டேப்பெட் கவர் எஞ்சின் உச்சியில், டர்போவைவிட உயரத்தில் இருக்கும். மேட்டுக்கு ஏறாது.

ரேடியேட்டர் ஹோஸ் வீட்டில் கிடக்கிறது. ரிட்டர்னுக்கு அது போதுமா? (தாராபுரம் வாசகர்)

போதாது. அது தண்ணீருக்கானது, சூடான ஆயிலில் ஊறி உப்பி, உட்புறம் குறுகிவிடும். சாதாரண சிலிக்கான் ஹோஸும் ஆயிலைக் கசியவிடும். முக்கால் தூரம் இரும்புக் குழாய், இணைப்புக்கு மட்டும் ஆயில் தாங்கும் ஹோஸ், எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பக் கவசம். அப்புறம், ஆயில் போகிற பக்கம் கசிவு அடைக்கும் பேஸ்ட் தடவவே வேண்டாம். பிய்ந்த துணுக்கு ஒன்று போதும் டர்போவை அடைக்க.

திம்பம் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் உடனே எஞ்சினை அணைக்கலாமா? (சத்தியமங்கலம் வாசகர்)

இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். உடனே அணைத்தால் சூடான டர்போவில் நிற்கும் ஆயில் கரியாகும். அந்தக் கரி நாளடைவில் ஆயில் வழியைக் குறுக்கும்.

ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

சாலையில் ஓடும் காருக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு பொருந்தும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. காசு செலவழிக்கும் முன் அலுவலகத்தில் கேளுங்கள், இன்ஷூரன்ஸிலும் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டிவிட்டோம். முதல் ஸ்டார்ட்டில் என்ன பார்க்க வேண்டும்? (பல்லடம் வாசகர்)

டர்போவுக்கு ஆயில் போகிற வாயில் கொஞ்சம் ஆயில் விட்டு, டர்போவைக் கையால் சுற்றுங்கள். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டர் மோட்டாரால் எஞ்சினைச் சுற்றுங்கள். அதன் பிறகு சேம்பர் துளையை மூடி, ரிட்டர்ன் ஹோஸின் நுனியைச் சுத்தமான டப்பாவில் விட்டு, ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். சில நொடிகளில் ஆயில் தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்கினால் அணைத்து, ஹோஸைச் சேம்பரில் மாட்டி, டப்பாவில் வந்த அளவை ஊற்றிவிடுங்கள். அதுவரை ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம்.