விதியாக இருந்த ஒரு பெயரடை

வணக்கம் ஐயா,

அலுவலகக் கடிதம் ஒன்றில் 'வியர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஐ முன்னால், இ பின்னால் வரும்படி எழுதிவிட்டேன். உடன் வேலை செய்பவர் திருத்தினார். 'முதலில் ஐ, அப்புறம் இ. சி என்ற எழுத்துக்குப் பின்னால் மட்டும் மாறி வரும்' என்று பள்ளியில் படித்த விதிப்படிதானே எழுதினேன்? அது எப்படித் தவறாகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளை 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்கிறார்கள். அதை மொழிபெயர்க்க முயன்று 'விசித்திரச் சகோதரிகள்' என்று எழுதினேன். ஏதோ ஒட்டவில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

க.

அன்புள்ள க.,

ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது சரியான தோன்றல். முதலில் எழுத்துக்கூட்டலை முடித்துவிடுவோம். டபிள்யூ, இ, ஐ, ஆர், டி. இதுதான் சரி. நினைவில் வைக்க எளிய வழி: 'நாம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகளும் அப்படியே இதன் தொடக்கத்தில் இருக்கின்றன.

பள்ளியில் சொல்லித்தந்த அந்த விதி குழந்தைகளுக்கான ஒரு கைத்தடி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். புரோட்டீன், கஃபீன் இரண்டிலும் இ முன்னால்தான் வருகிறது. அவற்றில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தும் ஒரு விகுதியின் முதல் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. வியர்டுக்குக் காரணம் வேறு. அது ஸ்காட்லாந்து வழியாக வந்த சொல்.

ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில், உயிரெழுத்து நீண்டு ஒலிக்கிறது என்று காட்ட அதன் பின்னால் ஓர் ஐ போடும் வழக்கம் இருந்தது. தலையை ஆங்கிலத்தில் ஹெட் என்கிறோம். அவர்கள் ஹீட் என்பார்கள், இ-க்குப் பின் ஐ போட்டு எழுதுவார்கள். ரீட் என்ற குடும்பப் பெயரிலும் இதே எழுத்து வரிசைதான். நாம் துணைக்கால் போட்டு 'க'வைக் 'கா' ஆக்குகிறோம் அல்லவா, அந்த மாதிரி ஒரு நீட்டல் குறிதான் அந்த ஐ. அப்படிப் பார்த்தால் வியர்ட் எந்த விதியையும் மீறவில்லை. அதன் சொந்த ஊர் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது.

சரி, அது ஏன் ஸ்காட்லாந்து வழியாக வர வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொடங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் இது பெயரடையே அல்ல, பெயர்ச்சொல். 'விர்ட்' என்றால் விதி, ஊழ். பேயோவுல்ஃப் காவியத்தில், விதி எப்போதும் தான் போக வேண்டிய வழியிலேயே போகும் என்று வீரன் சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். பிறகு லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஃபேட், டெஸ்டினி என்ற சொற்கள் வந்து இங்கிலாந்தின் தென்பகுதியில் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வடக்கே, ஸ்காட்லாந்தில், அது சாகவில்லை. 'உன் வியர்டை நீதான் சுமக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு மரபுத்தொடரே அங்கு உண்டு. 'அவனவன் தலைவிதி' என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

விதியை நூற்கும் மூன்று பெண் தெய்வங்களைத்தான் அங்கே 'வியர்ட் சகோதரிகள்' என்றார்கள். 1577இல் வெளிவந்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல், மாக்பெத் சந்தித்த பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பெயரைத் தந்து, விதியின் தேவதைகள் என்று விளக்கமும் தருகிறது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது அங்கிருந்துதான். ஆனால் அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல் நாடகங்கள் தொகுப்பாக அச்சானபோது, லண்டன் அச்சுக்கூடத்துக்கு இந்தச் சொல் பிடிபடவில்லை போலிருக்கிறது. சில இடங்களில் 'வேவர்ட்' என்றும் சில இடங்களில் 'வேயர்ட்' என்றும் அச்சாகியிருக்கிறது. வேவர்ட் என்றால் அடங்காத, தறுதலையான என்று பொருள். 1733இல் லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் ஹாலின்ஷெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது வியர்ட்தான் என்று திருத்தினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் தவறாக அச்சான ஒரு சொல்லை மூலநூல் வரை போய் மீட்ட அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் சொல் திரும்பி வந்தபோது பொருள் கூடவே வரவில்லை. தாடி முளைத்த, வாடிப்போன உருவம் கொண்ட மூன்று கிழவிகள், இடி மின்னலில் வந்து மறைகிறார்கள். அவர்களுக்கு முன்னால் 'வியர்ட்' என்ற அடைமொழி. பழைய பொருளை அறியாதவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? இப்படி அச்சமூட்டும் தோற்றம் என்றுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி போன்ற கவிஞர்கள் அமானுஷ்யமான என்ற பொருளில் இதைத் தனிப் பெயரடையாக எடுத்து ஆண்டார்கள். அப்புறம் அச்சம் மெல்லக் கரைந்து வெறும் 'வினோதமான' ஆகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் நமக்கே தெரிந்த இடத்துக்கு வந்து சேர்வோம். விர்ட் பிறந்தது 'ஆகு, நிகழ்' என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து. ஜெர்மன் மொழியின் 'வெர்டன்' அதே வினை. அதற்கும் மூலம், 'திரும்பு, சுழல்' என்ற பொருளுடைய ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அந்த வேர் சமஸ்கிருதத்தில் 'வ்ருத்' ஆக இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட வர்த்தமானம், ஆவர்த்தனம், பரிவர்த்தனை, விருத்தம் எல்லாம் அதன் பிள்ளைகள். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்திலும் விதியின் சகோதரிகள் மூவர். ஒருத்தி பெயர் உர்த். அது விர்ட் என்பதன் நார்ஸ் வடிவம். இன்னொருத்தி வெர்தந்தி, 'நிகழ்ந்துகொண்டிருப்பவள்'. வர்த்தமானம் என்பதும் அதே வேரிலிருந்து அதே முறையில் அமைந்த எச்சம்தான். இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இன்றைய பொருளுக்கு வருகிறேன். வினோதமான என்று பொருள்படும் வேறு இரண்டு ஆங்கிலச் சொற்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ட்ரேஞ்ச் என்பது வெளியிலிருந்து வந்தது என்ற கருத்தில் பிறந்த சொல். ஆட் என்பது முக்கோணத்தின் மூன்றாவது முனையைக் குறித்த நார்ஸ் சொல். இரண்டு ஜோடி சேர்ந்தபின் மிஞ்சும் ஒற்றை. வியர்டில் மட்டும்தான் காரணம் பிடிபடாத ஒரு கலக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பேச்சுவழக்கில் யாராவது அதைச் சொன்னால் 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதே நெருக்கமான தமிழ். 'விசித்திரம்' அவ்வளவு நெருக்கம் இல்லை. அதன் மூலப்பொருள் பல நிறம் கொண்டது என்பது. அதில் கலக்கத்தைவிட வியப்புதான் கூடுதல்.

உங்கள் மொழிபெயர்ப்பில் அந்த மூவரை 'ஊழ்ச் சகோதரிகள்' என்று எழுதுங்கள். 'விதிச் சகோதரிகள்' என்றாலும் தவறில்லை, ஆனால் நான் எழுதினால் ஊழைத்தான் எடுப்பேன். மாக்பெத் அவர்களைக் கண்டு நடுங்குவது அவர்கள் தோற்றத்துக்காக மட்டும் இல்லையே.