ஒரே மலையில் வெயிலும் பனியும்: மான்டே கார்லோ ராலி பற்றி வாசகர் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு உலக ராலி சாம்பியன்ஷிப்பின் புதிய பருவம் மான்டே கார்லோவில் தொடங்கிவிடுகிறது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். டயர் பற்றிய கேள்விக்கான பதில் மட்டும் சற்று நீண்டுவிட்டது. இந்தப் போட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: மொனாக்கோ என்பது கடற்கரையில் இருக்கும் சிறிய நாடு. அங்கே பனிச்சாலை எங்கிருந்து வந்தது? (வாசகர், சைதாப்பேட்டை)

பதில்: பெயர்தான் மான்டே கார்லோவே தவிர, போட்டியின் பெரும்பகுதி நடப்பது அதற்குப் பின்னால் எழும் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளில். காப் என்ற மலை நகரத்தைச் சுற்றியுள்ள சாலைகளும், 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கும் துரினி கணவாயும் இந்த ராலியின் புகழ்பெற்ற களங்கள். நம் ஊட்டி இதைவிட உயரமான இடம்தான். ஆனால் ஆல்ப்ஸ் பூமத்திய ரேகையிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், அங்கே ஜனவரி மாதத்தில் மலையேறும் சாலை எந்த வளைவில் பனிக்குள் நுழையும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். இதே சாம்பியன்ஷிப்பில் சுவீடன் ராலி முழுக்க முழுக்கப் பனியிலேயே நடக்கிறது. அங்கே எல்லோரும் ஆணி பதித்த டயரோடு வருவார்கள், அதில் குழப்பம் கிடையாது. மான்டே கார்லோவில் நடப்பது வேறு. மலையின் தெற்குச் சரிவில் வெயில் பட்டுக் காய்ந்து கிடக்கும் தார்ச்சாலை, உச்சியைத் தாண்டி வடக்குச் சரிவின் நிழலில் இறங்கும்போது கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அடிவாரத்தை நெருங்கும்போது மறுபடியும் வெறும் தாராகவோ, உருகிய பனி வழிந்தோடும் ஈரச் சாலையாகவோ மாறிவிடும். இவை எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள், ஒரே ஸ்டேஜில், அதாவது சாலையை மூடி நேரம் கணக்கிடும் ஒரே பகுதியில் நடக்கும்.

கேள்வி: ‘ராலி’ என்றால் நம் ஊரில் பேரணி. கார்ப் போட்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? (ஆசிரியர், தாம்பரம்)

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஓரிடத்தில் வந்து கூடுதல். 1911 ஜனவரியில் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தபோது, ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கார்கள் புறப்பட்டு மான்டே கார்லோவில் வந்து கூடின. குளிர்காலத்தில் செல்வந்தர்களைத் தங்கள் கடற்கரைக்கு இழுக்க வேண்டும் என்பது மொனாக்கோக்காரர்களின் நோக்கம். வண்டியின் அழகு, பயணிகளின் வசதி, வந்து சேர்ந்தபோது வண்டி இருந்த நிலை ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். தூர்க்கா மெரி காரில் பாரிசிலிருந்து வந்த ஆன்ரி ரூஷியே முதல் பரிசு பெற்றார். 1973ல் உலக ராலி சாம்பியன்ஷிப் பிறந்தபோது அதன் முதல் சுற்றாகவும் இந்தப் போட்டியே அமைந்தது.

கேள்வி: நான் பதினெட்டு ஆண்டுகளாக டயர் கடை வைத்திருக்கிறேன். பனிக்கு ஆணி டயர் போட்டால் தாரில் ஓடாது, தாருக்கான டயர் போட்டால் பனியில் நிற்காது. இரண்டும் கலந்த சாலைக்கு இவர்கள் எந்த டயரைப் போடுகிறார்கள்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது. அதற்கான பதிலையும் பாதி நீங்களே சொல்லிவிட்டீர்கள். முழுச் சாலைக்கும் பொருந்தும் டயர் என்று ஒன்று கிடையாது. எது குறைவாகத் தவறும் என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும்.

அண்மை ஆண்டுகளில் இந்தப் போட்டியில் நான்கு வகை டயர்கள் பயன்படுகின்றன: தாருக்கான மென்மையான டயர், அதைவிட மென்மையான டயர், ஆணி இல்லாத பனி டயர், ஆணி பதித்த பனி டயர். காலையில் சர்வீஸ் இடத்திலிருந்து கிளம்பும் கார், பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்டேஜ்களை முடித்துவிட்டுத்தான் அங்கே திரும்பி வரும். இடையில் வேறு டயர் கேட்டு வாங்க வழியில்லை. வண்டியில் மாட்டியிருக்கும் நான்கு, பின்னால் ஏற்றியிருக்கும் அதிகபட்சம் இரண்டு ஸ்டெப்னி, ஆக ஆறு டயர்களோடுதான் காய்ந்த தார், ஈரம், பனிச்சேறு, உறைபனி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டெப்னியும் கூடுதல் எடை என்பதால், இரண்டாவதை ஏற்றுவதா வேண்டாமா என்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது.

ஆணி டயர் ஒன்றை ஒரு நண்பரின் பட்டறையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உலோக மொட்டுகள் ரப்பரிலிருந்து கொஞ்சமே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முனை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள். உள்ளங்கையால் தடவியபோது பலாப்பழத்தின் தோலைத் தடவுவதுபோல் இருந்தது. அந்த டயர் தாரில் ஓடிவிட்டு வந்ததாம். பல இடங்களில் ஆணி பிடுங்கிக்கொண்டு போய், வெறும் குழிகள் மட்டும் இருந்தன. உறைபனியில் அந்த முனை குத்தி நிற்கும். தாரில் குத்துவதற்கு இடமில்லாததால் ரப்பர் முழுதாகத் தரையைத் தொடாமல் வண்டி முனைகளின் மேலேயே வழுக்கும். வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது ஆணி வேரோடு ஆடிப் பெயர்ந்துவிடும். முதல் பத்து கிலோமீட்டர் தாரில் ஆணிகளைப் பறிகொடுத்த டயர், பதினோராவது கிலோமீட்டரில் பனி வரும்போது எதற்கு உதவும்?

இந்தச் சிக்கலுக்காக ஓட்டுநர்கள் கையாளும் உபாயம் ஒன்றைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். குறுக்காக மாட்டுவார்கள். முன்பக்க இடதில் ஆணி டயர் என்றால் பின்பக்க வலதிலும் ஆணி டயர். மற்ற இரண்டிலும் தாருக்கான டயர். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு இப்படி மாட்டி அனுப்பினால் மறுநாளே சண்டைக்கு வந்துவிடுவார். ஏனென்றால் இடது வளைவில் ஒரு விதமாகவும் வலது வளைவில் வேறு விதமாகவும் வண்டி நடந்துகொள்ளும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதை ஒவ்வொரு வளைவிலும் முன்கூட்டியே எதிர்பார்த்து ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்தான் இங்கே வெற்றி பெறுகிறார். சிஸ்தரோன் ஊரை ஒட்டிய ஸ்டேஜ், இரு முனைகளிலும் தாரும் நடுவில் கணவாயின் உறைபனியுமாக அமைந்து, இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பலருக்கும் தலைகீழாக்கியிருக்கிறது. தாரில் இழக்கும் நொடிகளைப் பனியில் மீட்பதா, பனியில் தவழ்ந்து தாரில் பறப்பதா என்பதை விடிவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்று. பனி என்றாலே வழுக்கும் என்று நினைக்கிறோம். நன்றாகக் குளிர்ந்து இறுகிய பனியில் பிடிப்பு ஓரளவு இருக்கும். வெப்பநிலை சுழி டிகிரியை நெருங்கி, மேலே மெல்லிய நீர்ப்படலம் படரும்போதுதான் அது மிக மோசமாக வழுக்கும். சென்னையில் முதல் மழை தூறும்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் இரு சக்கர வண்டிகள் சறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் அந்தச் சில துளிகளோடு குழைந்து வழுக்குகின்றன. அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய், சாலை பழையபடி பிடித்துக்கொள்ளும். காரணம் வேறானாலும், அரைகுறை நிலைதான் ஆபத்தானது என்பது இரண்டு ஊருக்கும் பொது.

டயரால் கைநழுவிய வெற்றிக்கு 2022ம் ஆண்டைச் சொல்லலாம். முன்னணியில் இருந்த செபாஸ்டியன் ஓசியேவுக்குக் கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் டயர் பஞ்சர் ஆனது. போர்டு பூமா ஓட்டிய செபாஸ்டியன் லோப் 10.5 நொடி வித்தியாசத்தில் வென்றார். அப்போது லோபுக்கு வயது 47.

கேள்வி: பனித்தகடு எந்த வளைவில் இருக்கிறது என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? (மாணவி, அண்ணா நகர்)

பதில்: அவருக்கு முன்னால் ஒரு கார் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கும். போட்டிக்கு முந்தைய நாட்களில் ஓட்டுநரும், பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லும் கோ டிரைவரும் சாலையை மெதுவான வேகத்தில் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். இடமா வலமா, எவ்வளவு கூர்மை, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைத்தான் பேஸ் நோட்ஸ் என்கிறோம். ஆனால் அன்று பார்த்த சாலை போட்டி நாளில் அப்படியே இருக்காதல்லவா? அதற்காகவே ஒவ்வொரு அணிக்கும் பனி பார்க்கும் குழு ஒன்று உண்டு. போட்டி தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்னால், பெரும்பாலும் இருட்டிலேயே, அந்தக் குழு சாதாரண வண்டியில் அதே சாலையில் போய், எந்த வளைவில் ஈரம், எங்கே உறைபனி, எங்கே சேறு என்று நோட்ஸின் நகலில் குறித்து அனுப்பும். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தாங்களே ராலி ஓட்டியவர்கள்.

அவர்கள் போய் வந்த பிறகும் சாலை மாறிக்கொண்டேதான் இருக்கும். வெயில் ஏறினால் பனித்தகடு உருகி ஈரமாகிவிடும். முன்னால் போன கார்கள் வளைவின் உள்விளிம்பை வெட்டிக்கொண்டு போனால், ஓரத்து மண்ணும் சரளையும் தார் மேல் இறைந்து கிடக்கும். அதனால் காய்ந்த நாளில் முதலில் போகும் காருக்கு லாபம், புதுப் பனி பெய்தால் அதே காருக்கு நஷ்டம். முன்பெல்லாம் துரினியில் பார்வையாளர்களே பனியை வாரிச் சாலையில் எறிந்த கொடுமையும் உண்டு. ஒருவருடைய உயிரோடு விளையாடும் செயல் அது. அதை ரசிகர்களின் உற்சாகம் என்று சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருந்தும் இதை ஏன் அனுமதிக்கிறார்கள்? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: 2020ல் அப்போதைய உலக சாம்பியன் ஓட் தானக்கின் கார், மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் சாலையை விட்டுப் பறந்து, மலைச்சரிவில் பலமுறை உருண்டு கீழே விழுந்தது. அவரும் கோ டிரைவரும் தாங்களாகவே வெளியே வந்தார்கள். உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, பல முனைகளில் கட்டும் சீட் பெல்ட், தலைக்கவசத்தைத் தோளில் அமரும் காப்போடு பிணைத்துக் கழுத்தைக் காக்கும் பட்டை ஆகியவை அவர்களைக் காப்பாற்றின. இவை எதுவுமே இல்லாத நம் காரில் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகத்தைப் பழகிப் பார்க்கும் இளைஞர்களைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். ராலியில் சாலை மூடப்பட்டிருக்கும். எதிரே பேருந்து வராது.

கேள்வி: மினி கூப்பர் கார் ஒருமுறை வென்றும் பரிசு மறுக்கப்பட்டதாக என் அண்ணன் சொல்வார். உண்மையா? (மூத்த வாசகர், மயிலாப்பூர்)

பதில்: உண்மைதான். 1964ல் பேடி ஹாப்கிர்க், 1965ல் டிமோ மேக்கினன் என இரண்டு முறை வென்றிருந்த மினி, 1966ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. முகப்பு விளக்கு விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று சொல்லி மூன்றையும் நீக்கிவிட்டு, சித்ரோயன் ஓட்டிய பவுலி டொய்வோனனை வெற்றியாளராக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ரவுனோ ஆல்டோனன் மினியில் வென்று காட்டினார். சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1986ல், பவுலியின் மகன் ஹென்றி டொய்வோனன் லான்சியா காரில் யாரும் மறுக்க முடியாதபடி வென்றார். அதே ஆண்டு மே மாதம் கார்சிகா ராலியில் அவர் உயிரிழந்தது, இந்த விளையாட்டை நேசிப்பவர்களுக்கு இன்னும் ஆறாத துயரம்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். ராலியில் கோ டிரைவராக வேண்டும் என்கிறாள். பெண்களுக்கு, அதுவும் சென்னையிலிருந்து, இது சாத்தியமா? (தாய், வேளச்சேரி)

பதில்: அம்மா, மேலே சொன்ன 2022 வெற்றியில் லோபின் பக்கத்தில் அமர்ந்து நோட்ஸ் படித்தவர் இசபெல் கால்மிஷ். பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியை, அப்போது வயது 50. அதற்கு முன் உலக ராலி ஒன்றில் பெண் கோ டிரைவர் வென்றது 1997ல், இதே மான்டே கார்லோவில், ஃபாப்ரிசியா போன்ஸ். ஆகவே உங்கள் மகளின் படிப்பு அவளுக்குத் தடையல்ல.

சென்னையில் இருப்பதும் குறை இல்லை. நாட்டின் மோட்டார் விளையாட்டுகளை நிர்வகிக்கும் கூட்டமைப்பின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. போட்டிக்கான உரிமத்தை அவர்களிடம்தான் பெற வேண்டும். தென்னிந்திய ராலியை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 முதல் இயங்கி வருகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் தந்தை அந்த ராலியில் ஏழு முறை வென்றவர். 2022ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் வென்ற எஃப்ரேன் யாரேனா ஓட்டியது நம் ஊர் எம்.ஆர்.எஃப். டயரில்.

வேகப் போட்டிக்கு முன்னால், குறித்த நேரத்தில் குறித்த தூரத்தைக் கடக்கும் நேரக்கணக்கு ராலிகளில் அவள் நேவிகேட்டராக உட்காரட்டும். அங்கே வெல்வது கணக்குதான். அதற்கும் முன்னால், அடுத்த முறை குடும்பத்தோடு ஏலகிரி போகும்போது முன்சீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரச் சொல்லுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும், அவற்றுக்கு இடையே இருக்கும் சிறு வளைவுகளையும், தூரத்தோடு தன் சொந்தக் குறியீட்டில் அவள் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் நீங்கள் வழக்கமான வேகத்தில் மலை ஏறும்போது, சாலையை நிமிர்ந்து பார்க்காமல், வண்டி உடம்பில் தரும் அசைவை மட்டும் வைத்து அந்த நோட்ஸை ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னதாக உரக்கப் படிக்கட்டும். ஒன்பதாவது வளைவு வரும்போது அவள் ஒன்பதாவது வரியில் இருக்கிறாளா என்று பாருங்கள்.