ஊத்துநாட்டுல எத்தனை பாஷை? வாசகர் கேள்வி பதில்

‘ஊத்துநாடு’ தொடர் போன வாரத்தோட முடிஞ்சிச்சி. இல்லாத ஒரு பேரரசு, ஆறு மணலுக்கு அடியில ஓடுற தேசம், அதுக்குப் போயி நீங்க எழுதின கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இருக்கே, அந்த ராஜாவுக்கே அவ்ளோ மனு வந்திருக்காது. சிலதுக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்தவங்க கோச்சிக்காதீங்க.

கேள்வி: அண்ணா, ஊத்துநாட்டு பாஷைக்கு முழு இலக்கணம் எழுதி வெச்சிருக்கீங்களா? நாங்க கத்துக்கலாமா? (காலேஜ் வாசகி, குடியாத்தம்)

பதில்: அந்த அளவுக்கெல்லாம் இல்லமா. அதுக்குன்னு ஒக்காந்து செய்றவங்க இருக்காங்க. வார்சாவுல இருந்த கண் டாக்டர் சாமன்ஹாஃப் 1887ல எஸ்பெராண்டோன்னு ஒரு பாஷையவே புக்கா போட்டாரு, நம்ம மதன் கார்க்கி பாகுபலிக்குக் கிளிக்கி பண்ணாரு. எனக்கு அவ்ளோ பொறுமை கெடயாது. எந்த வார்த்தைய எவன் கொண்டாந்து போட்டான்னு மட்டும்தான் யோசிச்சேன்.

நீயே ஒரு நாளு தாலுகா ஆபீஸ் வாசல்ல அரை மணி நேரம் நின்னு காதக் குடுத்துப் பாரு. தாசில்தார், வசூல், பாக்கி, ஜப்தி, ஜமாபந்தி, ரசீது, அத்தனையும் பாரசீகம் அரபியில இருந்து வந்தது, ஏன்னா ஆற்காடு நவாபு தர்பாருல நடந்த பாஷை பாரசீகம். வீட்டுக்குள்ள வந்தா ஜன்னல், சாவி, அலமாரி, இது போர்ச்சுகீஸ்காரன் விட்டுட்டுப் போனது. ஆனா சோறு, மண்ணு, மாடு, களி, இத எவனும் கொண்டாந்து குடுக்கல. வரி வாங்குறவன் வார்த்தை ஆபீஸ்ல நிக்குது, வயித்துக்கான வார்த்தை அடுப்பாண்ட நிக்குது.

அதத்தான் அப்படியே ஊத்துநாட்டுக்கு எடுத்துக்கினு போனேன். அரமனையில மேட்டுமொழி, ஊர்ல ஊத்துப்பேச்சு, சந்தையில ரெண்டும் கலந்த ஒண்ணு. மேட்டுமொழியில வரிக்கு ‘ஷமூர்’னு பேரு. ஊர்சனத்துக்கு ஷ வராது, ‘சமூரு’ன்றாங்க. நூறு வருஷம் கழிச்சி அதுக்கு வரின்ற அர்த்தமே போயி, கொழந்த அழுதா “சமூரு பண்ணாதடா”ன்னு அம்மா அதட்டுறா. நாலாவது அத்தியாயத்துல வரிக்காரன் வந்து நிக்கிறப்ப அந்தக் கெழவி “வந்துட்டான்டி சமூரு”ன்னு சொல்றாளே, அவனுக்குக் கோவப்படறதா கடமையச் செய்றதான்னு புரியாம நிக்கிறான். பாஷைக்காக நான் மெனக்கெட்டது அவ்ளோதான், அதுவே மூணு ராத்திரி ஆச்சி.

கேள்வி: நெத்தியில வெக்கிற ஈரமண் பொட்ட அழிக்கச் சொன்னதுக்கா ஒரு படையே திரும்பும்? நம்பற மாதிரி இல்லியே சார். (வாணியம்பாடி)

பதில்: வேலூர் பஸ்சு பிடிச்சி வாங்க, கோட்டை அகழி ஓரமா ஒரு நட நடந்து மக்கான் சிக்னல்ல நிக்கிற நினைவுத்தூண பாத்துட்டு, அப்புறம் இந்தக் கேள்விய கேளுங்க.

1805 கடைசியில மெட்ராஸ் படைத்தளபதி கிராடாக் ஒரு ஆர்டர் போட்டாரு. பரேடுல நிக்கிறப்ப நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடுக்கணும், பழைய தலப்பாவுக்குப் பதிலா தொப்பி மாதிரி ஒண்ணு, அதுல தோல்ல செஞ்ச குஞ்சம். அது மாட்டுத் தோலா பன்னித் தோலான்ற சந்தேகம் ஒண்ணு போதாதா, ரெண்டு மதத்து சிப்பாயும் ஒண்ணா சேந்தாங்க. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடியே வேலூர் கோட்டையில சிப்பாய்ப் புரட்சி ஆரம்பிச்சிச்சி, கோட்டை மேல திப்புவோட புலிக்கொடி ஏறிச்சி. ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பின்ற வெள்ளக்கார அதிகாரி குதிரப்படையோட வந்து கண்ணுமண்ணு தெரியாம சுட்டுத் தள்ளினதுல அன்னிக்கே அடங்கியும் போச்சி. அப்புறம் பாருங்க, அந்த ஆர்டரையே வாபஸ் வாங்கிட்டாங்க, கிராடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் சீமைக்குத் திருப்பிக் கூப்ட்டுக்கினாங்க.

இதுல என்ன ரொம்ப நாளா அரிச்சிக்கினு இருந்தது அந்த ஆர்டரோட தொனிதான். சாமியத் திட்டி ஒரு வரி கெடயாது, எல்லாரும் பாக்க ஒரே மாதிரி நீட்டா இருக்கணும், அவ்ளோதான். அதனாலதான் என் சக்கரவர்த்தியையும் கொடுமைக்காரனா எழுதல. அவனுக்கு வரிசை கோணலா இருந்தா கண்ணு உறுத்தும், அது ஒண்ணுதான் அவன் கொறை.

கேள்வி: தலைநகர் கோயில்ல ஏன் சாமியே இல்ல? எழுத மறந்துட்டீங்களா? (காட்பாடி)

பதில்: காட்பாடியில இருந்துகினு இதக் கேக்கறீங்களே! கோட்டைக்குள்ள நம்ம ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தன காலம் மூலவர் இல்லாம கெடந்துச்சி. 1981லதான் சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்தக் கொண்டாந்து வெச்சாங்க. சாமி இல்லாத கல்யாண மண்டபத் தூணுங்க எப்படி இருந்திருக்கும்னு நெனச்சிப் பாத்துதான் ஆறாவது அத்தியாயம் எழுதினேன்.

கேள்வி: மூணாவது அத்தியாயத்துல மணப்பொண்ணு எடது கால வெச்சி வர்றா, ஒம்பதுல வலது கால். எது வழக்கம்? (ஆரணி)

பதில்: தப்பு என்னுதுதான். புக்கா வர்றப்ப ரெண்டுமே எடது கால் ஆயிடும்.

கேள்வி: செத்த ராஜாவ மண்ணுல பொம்ம செஞ்சி பொம்பளைங்க தொடப்பத்தால அடிக்கிறது ரொம்ப ஓவர். எந்த சமூகத்துல இப்படி ஒரு சடங்கு இருக்கும்? (சென்னை)

பதில்: நம்ம சமூகத்துலதாங்க. எங்க பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்கு ஒரு தடவ வாங்க. ராத்திரியெல்லாம் கூத்து, பகல்ல பிரசங்கம், கடைசியில துரியோதனன் படுகளம். கோயில் மைதானத்துல மல்லாக்கப் படுத்த மாதிரி பெரிய மண்ணு உருவம், முறுக்கு மீசை, முட்டக் கண்ணு. பீமன் வேஷக்காரரு தொடையில அடிச்சதும் உள்ள வெச்ச செவப்பு தண்ணி பீச்சும், அதத் தொட்டுத்தான் திரௌபதி விரிச்ச கூந்தல முடிவா. அப்புறம் தொடப்பமும் மொறமும் எடுத்துக்கினு அழுகையும் அடியும். சின்ன வயசுல எங்க அத்தை கைய புடிச்சிக்கினு நின்னு பாத்தேன், திட்டறதும் ஒப்பாரி வெக்கிறதும் ஒரே வாயில வருது, எது நெசம்னு எனக்குப் புரியல. எல்லாம் முடிஞ்சதும் அத்தை அந்த ஒடம்புல இருந்தே ஒரு பிடி மண்ணு எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கினாங்க. “கெட்டவன் மண்ணு எதுக்கு அத்த?”ன்னு கேட்டேன். “நெல்லு குதிர்ல போடத்தான்டா”ன்னாங்க. ஊத்துநாட்டுல நான் மாத்தினது ஒண்ணுதான், மொதல் அடி அடிக்கிறது அவன் பொண்டாட்டி.

கேள்வி: ஊத்துநாட்டுல பிரியாணி உண்டா? (ஆம்பூர், வேற யாரு)

பதில்: அரிசியே கெடயாது அந்த தேசத்துல. கேவுருக் களிதான். மன்னிச்சிடுங்க.

கேள்வி: அண்ணா, நானும் ஒரு பேரரசு உருவாக்கி வெச்சிருக்கேன். பதினாலு சாமி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னம், மூணு பாஷை, மேப்பு எல்லாம் ரெடி. கதைய எங்க ஆரம்பிக்கிறது? (பள்ளிகொண்டா)

பதில்: தம்பி, நீ அனுப்பினத முழுசா படிச்சேன். சின்னங்க நல்லாருக்கு, அந்த ஒத்தக் காது யானை ரொம்பப் புடிச்சிது. ஆனா பதினாலு சாமியும் சண்டையே போடாம இருக்காங்க, அவங்களக் கும்புடறவன் எவனும் பக்கத்து வீட்டுக்காரன மொறைக்கவே இல்ல. ஒரு கல்யாணப் பந்தியில இருந்து ஆரம்பி, எந்த சாமிக்காரனுக்கு மொதல் எலை, எவனுக்குத் தனி சொம்புல தண்ணின்னு எழுதிப் பாரு, பாஷை தானா வரும். அப்புறம் இன்னொண்ணு, உன் மேப்புல ஆறு கடல்ல இருந்து கெளம்பி மலைக்குப் போவுது. பாலாறே நந்தி மலையில பொறந்து கடலுக்குத்தான் போவுது. மொதல்ல அத சரி பண்ணி அனுப்பு.