பின் ஆக்சிலுக்காக நகைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்ட வேலைக்குப் பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு மலைத்தடங்களில் ஓட்டுவதும் அதில்தான். 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்ட பிறகு, பின் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இரண்டு முறை முறிந்துவிட்டது. இருக்கும் ஆக்சிலையே முழுமையாகச் சரிசெய்ய 48,000 ரூபாய் ஆகும் என்றும், வெளிநாட்டு ஜீப்பிலிருந்து கழற்றிய தடித்த ஆக்சிலை லாக்கரோடு (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) பொருத்த 2,30,000 ரூபாய் ஆகும் என்றும் சேலத்துப் பட்டறையில் சொல்கிறார்கள். கையில் 1,50,000 ரூபாய் சேமிப்பு உண்டு. வீட்டுச் செலவு மாதம் 28,000 ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்துப் பெரிய வேலையையே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக ஆக்சிலை இப்படியே விட்டு ஓட்டவும் வேண்டாம். 48,000 ரூபாய் வேலையை, பழம் பறிப்பு தொடங்குவதற்கு முன்பே, சேமிப்பிலிருந்து எடுத்து முடித்துவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் பணம் அன்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டையோடு சேலத்துக்கு இறங்கும் வண்டியைப் பெருமளவு இழுத்துப் பிடிப்பது கியரில் இருக்கும் எஞ்சின்தான். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) உள்ள ஜீப்பை டூ வீல் டிரைவில் ஓட்டும்போது பின் ஷாஃப்டுகளில் ஒன்று முறிந்தால், அந்தப் பிடிப்பு அந்த நொடியே போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் மீது விழும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்னால் ஹேண்ட் பிரேக் அமைந்த பழைய ஜீப்புகளில், முறிந்த ஷாஃப்டால் அந்த ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது. ஆகவே வேலை முடியும்வரை சுமையோடு மலை இறங்காதீர்கள். அதற்குள் ஓரிரு நடைக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டி வந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். காப்பிப் பழம், மிளகு, கீழிருந்து ஏற்றும் உரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 30 நடை என்றும், வாடகை வண்டிக்கு நடைக்கு 3,000 ரூபாய், சொந்த ஜீப்புக்கு டீசலும் சில்லறைச் செலவும் 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் தொகை வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நடைக்கு 1,800 ரூபாய் மிச்சம் என்றால், 48,000 ரூபாய் 27 நடையில், அதாவது ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது. 2,30,000 ரூபாய் திரும்ப 128 நடை வேண்டும். நான்கு ஆண்டுக்கும் மேல் ஆகும். அதிலும் முழுத் தொகையையும் நகைக் கடனாக வாங்கி, ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், முதல் ஆண்டு வட்டி மட்டும் 23,000 ரூபாய். இவ்வளவு செலவழித்தாலும் தடித்த ஆக்சில் உங்கள் தோட்டத்துக்கு ஒரு மூட்டைகூட அதிகமாகச் சம்பாதித்துத் தரப்போவதில்லை. கூடுதலான 1,82,000 ரூபாய் விடுமுறை நாள் ஓட்டத்துக்கான செலவு. அந்த ஆசையில் தவறில்லை, ஆனால் அதற்கு நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது.

ஷாஃப்ட் ஏன் முறிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தொகையும் கொடுக்காதீர்கள். முறிந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முறிந்த முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, அலை அலையான கோடுகளோடு இருந்து, மீதி சொரசொரப்பாக இருந்தால், அது நாள்பட்ட விரிசல். பழைய உலோகம் களைத்துப்போய் ஒடிந்திருக்கிறது, புதிய ஷாஃப்ட் போட்டால் தாங்கும். ஷாஃப்டின் முனையிலுள்ள ஸ்ப்லைன் பற்கள் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தால், தாங்கக்கூடியதற்கு மேல் முறுக்கு விசை வந்திருக்கிறது. 29 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போனால், சக்கரம் பிடிமானம் கொள்ளும் நேரத்தில் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். லோ கியரில், தரையில் படாமல் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று பாறையைக் கவ்வும்போது ஏற்படும் அதிர்ச்சி இதற்கு மேல். கூடவே டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்து, உலோகத் துகள் வருகிறதா என்றும், ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஹவுசிங் வளைந்திருந்தால் அந்த 48,000 ரூபாய் மதிப்பீடே மாறிவிடும்.

அமெரிக்க ஜீப்காரர்கள் டானா 35 என்ற ஆக்சிலைக் கழற்றிவிட்டு, அதைவிட வலுவான டானா 44 போடுவதைப் பார்த்து இந்த எண்ணம் வந்திருக்கலாம். அங்கே அதற்குத் தக்க காரணம் உண்டு: டானா 35 வகையில் பலவற்றில் ஷாஃப்டை உள்ளே ஒரு சிறிய கிளிப்தான் பிடித்திருக்கிறது; ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். உங்கள் ஆக்சிலில் அந்தக் குறை இருக்கிறதா என்று பட்டறையில் கேளுங்கள். அது இல்லையென்றால், அவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

2,30,000 ரூபாயோடு செலவு நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன், பின் ஆக்சில்களின் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடிமானமான தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறிச் சேதமாகும். விகிதம் மாறினால் முன் ஆக்சிலின் கிரவுன், பினியன் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், பிரேக் குழாய், சக்கர போல்ட்டுகளின் இடைவெளி, ஸ்பிரிங் அமரும் இடத்து வெல்டிங் என்று பில் நீளும். இவற்றுக்கெல்லாம் எழுத்து மூலம் விலை தராத மதிப்பீடு முழு மதிப்பீடு ஆகாது.

சட்டத்தையும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே வகை உதிரிபாகம் போடுவது பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் ஆக்சிலைப் போடும்முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை என்பதால், இந்த 48,000 ரூபாயில் எதையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இதைக் கொடுத்த பிறகு உங்களிடம் 1,02,000 ரூபாய் இருக்கும். மூன்றரை மாத வீட்டுச் செலவுக்குச் சற்றே கூடுதல். விளைச்சல் பணம் வந்ததும் அதை முதலில் ஆறு மாதச் செலவான 1,68,000 ரூபாயாக உயர்த்துங்கள். 33 அங்குல டயர்களை விற்று, பழைய அளவுக்கே திரும்புங்கள். விற்ற பணத்தை ஜீப் லாக்கருக்கென்று தனியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, மாதம் 5,000 ரூபாய் சேர்த்து வாருங்கள். இப்போது மாட்டும் ஷாஃப்டுகளுக்கு ஜிஎஸ்டி பில் வாங்கி, பொருத்திய தேதியையும் கிலோமீட்டரையும் அதிலேயே எழுதி வையுங்கள். பழைய அளவு டயரிலும் அவை முறிந்தால், அந்த பில்லோடும் முறிந்த துண்டோடும் மறுபடி எழுதுங்கள், பெரிய ஆக்சிலைப் பற்றி அப்போது பேசலாம்.