32 வருடம் கொசுவோடு: கேளுங்கள், சொல்கிறேன்

கொசு ஆராய்ச்சியில் 32 வருடம் ஓட்டிவிட்டு, பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்பாவின் தென்னந்தோப்புக்கே திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் சித்தூர்த் தாலுகாவில் மறுபடி டெங்குப் பேச்சு கிளம்பியிருக்கிறது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

வேலந்தாவளம், கல்லூரி மாணவி: விலங்கியல் படிக்கிறேன் சார். கொசு ஆராய்ச்சி என்றால் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் பார்ப்பதுதானா?

அதற்குப் பாதி நேரம்கூடக் கிடைக்காது, அம்மா. நான் சேர்ந்த புதிதில் கையில் இருந்தது ஒரு டார்ச்சும் உறிஞ்சுகுழாயும்தான். விடியுமுன் மாட்டுக்கொட்டகைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுமேல் கண்ணாடிக் குழாயை வைத்து, மறுமுனை ரப்பர் டியூபை வாயில் கவ்வி ஒரு சின்ன இழுப்பு. நடுவில் வலை உண்டு, கொசு வாய்க்கு வராது. சாணித் தூசு வரும்.

அப்புறம் வளர்ப்பறை. கொசுப்புழுவுக்கு நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் பொடித்துப் போட வேண்டும். பெரிய கொசுவுக்கு ஊறவைத்த உலர்திராட்சை. பெண் கொசு முட்டையிட ரத்தமும் வேண்டும். ஒருமுறை ராக்காவலர் வராந்தாவில் கொசுவர்த்தி கொளுத்திவிட்டார். பாவம், அவரையும் கொசு கடிக்கத்தானே செய்யும்? காலையில் வந்து பார்த்தால் மூன்று கூண்டிலும் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நாலு மாத வேலை போச்சு.

கொழிஞ்சாம்பாறை, மளிகைக் கடைக்காரர்: எங்கள் பக்கம் மழையே கம்மி. பிறகு டெங்கு எங்கிருந்து வருகிறது?

மழை கம்மி என்பதால்தான் அண்ணே வருகிறது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் டிரம், சிமென்ட் தொட்டி, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டிக்கு அது போதும். முதுகில் யாழ் மாதிரி வெள்ளைக்கோடு போட்ட கொசு அது, பகலில் கடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். கசகசாவைவிடச் சின்னது, கன்னங்கரேல் என்றிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே டிரம்மில் மறுபடி பிடிப்பதில் பயனில்லை. தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், வாரம் ஒருநாள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

மேற்கே மண்ணார்க்காட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனால் கதை வேறு. அங்கே ஏடிஸ் அல்போபிக்டஸ்: முதுகில் ஒரே ஒரு நேர்கோடு, நாமம் போட்ட மாதிரி. பால் வடியும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். 2006, 2007இல் கேரளத்தைச் சிக்குன்குனியா முடக்கிப்போட்டதே, அதைப் பெரும்பாலும் பரப்பியது இந்த நாமக்காரன்தான். 2007இல் அங்கே பரவிய வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் இந்தக் கொசுவுக்குள் வைரஸ் சுலபமாகப் பெருகியது. ஒரே ஜில்லாவுக்குள் கொசுவும் வேறு, பாத்திரமும் வேறு. இதைப் பார்க்காமல் எல்லா ஊருக்கும் ஒரே நோட்டீஸ் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எருத்தேம்பதி, விவசாயி: கிணற்றில் கம்பூசியா மீன் விடலாமா?

புழங்காத கிணறு, அடைபட்ட தொட்டி என்றால் விடலாம். குளத்திலும் ஓடையிலும் வேண்டாம். அமெரிக்க மீன் அது, நம்ம ஊர் மீனின் முட்டையையும் தின்றுவிடும். அங்கே நம்ம மானத்துக்கண்ணி மீனே கொசுப்புழுவைத் தின்னுமே!

நல்லேப்பிள்ளி, ஆசிரியை: இந்தத் துறையில் உங்களுக்கு மிகவும் பிடித்த வேலை எது?

நான் செய்ததல்ல, டீச்சர். நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் புதுச்சேரி வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1980களில் ஆலப்புழைப் பக்கம் சேர்த்தலை ஊரில் செய்த யானைக்கால் நோய் வேலை. அங்கே நோயைப் பரப்பியது மான்சோனியா என்ற கொசு. அதன் புழு மூச்சுவிட மேலே வராது. ஆகாயத்தாமரை வேரில் குழாயைச் செருகிக் காற்று எடுத்துக்கொள்ளும். தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றி என்ன பயன்? செடியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் தென்னைக்கு எருவாகிறது என்று ஜனங்களே அதைக் குளத்தில் வளர்த்துவந்தார்கள். மீன் வளர்த்தால் காசு வரும் என்று சென்டர்காரர்கள் காட்டினார்கள். மீனுக்காக ஜனங்களே செடியை எடுத்தார்கள். கொசுவைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தால் ஒருத்தரும் குளத்தில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

மீனாட்சிபுரம், ஆட்டோ ஓட்டுநர்: கொசுவை விட்டே டெங்குவை ஒழிக்கிறார்களாமே, நிஜமா சார்?

நிஜம்தான் தம்பி. வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா. அது குடியேறிய ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. தாய்க்கொசு வழியாகக் குஞ்சுகளுக்கும் போகும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படிக் கொசுக்களை விட்டுப் பார்த்தபோது டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021இல் முடிவு வெளியானது. புதுச்சேரியிலும் அந்தக் கொசுவை வளர்த்திருக்கிறார்கள். அதற்காக டிரம்மைத் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: உங்கள் வீட்டில் கொசுவே இருக்காதோ?

போன செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜின் பின்தட்டில் 11 புழு, 2 கூட்டுப்புழு. கண்டுபிடித்தது என் வீட்டம்மா. டார்ச் அடித்து எண்ணிக்கொண்டு நின்றது நான். தட்டைப் பிடுங்கி வெயிலில் கவிழ்த்தது அவர்.