பழைய வீட்டை விற்கும்போது வங்கி மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால் என்ன செய்வது?

வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி, தன் பட்டியலிலுள்ள மதிப்பீட்டாளரை வைத்து வீட்டுக்கு ஒரு விலை கணிக்கும். அதுவே வங்கி மதிப்பீடு. பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ, அதற்குத்தான் கடன்.

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜெலுத்தோங்கில் ஒரு பழைய வரிசை வீடு 6,00,000 ரிங்கிட்டுக்குப் பேசி முடிந்தது என்று வையுங்கள். மதிப்பீடு 5,40,000. 90% கடன் என்றால் 4,86,000தான் கிடைக்கும். வாங்குபவர் 60,000க்குப் பதில் 1,14,000 கையிலிருந்து போட வேண்டும். பேரம் முறிவது இங்கேதான்.

அடகுக்கடையில் செய்கூலி, சேதாரத்துக்குக் காசு தருவதில்லையே, அதுபோலத்தான். உங்கள் புது டைல்ஸையும் அலமாரியையும்விட, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற விலைதான் மதிப்பீட்டாளருக்கு முக்கியம். பழைய வீடுகளில் பெரிய சிக்கல், மாநகர் மன்ற அனுமதியில்லாமல் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை. பொதுவாக அது கணக்கில் சேராது. குத்தகை நிலமானால் மீதி ஆண்டுகள் குறையக் குறைய விலையும் இறங்கும்.

உடனே விலையைக் குறைக்காதீர்கள். அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும், அதே சாலையில் விற்ற இரண்டு மூன்று வீடுகளின் விலையையும் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள். வாங்குபவரை வேறு வங்கியிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் மாறினால் தொகையும் மாறலாம். விற்பனை ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்பே வாய்மொழி மதிப்பீடு கேட்டுவிடுவது இன்னும் நல்லது. அதன்பிறகும் இடைவெளி இருந்தால் இருவரும் பகிர்ந்துகொள்ளப் பேசலாம்.

வங்கி சொன்ன விலைக்கே விற்றாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடனுக்கான வரம்பு மட்டுமே, ரொக்கம் வைத்திருப்பவர் அதற்கு மேலும் தரலாம்.