கோயில் நிலமா, புறம்போக்கா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தெற்கே 1 ஏக்கர் 40 சென்ட் நந்தவனம். கோயில், அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. சமுதாயக் கூடம் கட்ட ஊராட்சி வாணம் தோண்டிவிட்டது. கேட்டால், அ-பதிவேட்டில் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) 'சர்க்கார் புறம்போக்கு' என்றுதான் இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் வேலையை நிறுத்தப் பாருங்கள். தளம் போட்டுவிட்டால் 'பொதுப்பணம் செலவாகிவிட்டது' என்பதே அவர்களுக்குப் பெரிய பலம். செயல் அலுவலருக்கும் (இல்லையேல், அறங்காவலர் இடத்தில் துறை நியமித்த தக்காருக்கும்) இணை ஆணையருக்கும் புகைப்படத்துடன் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், நகல் ஆட்சியருக்கு. வழக்கைச் சுவாமி பெயரிலேயே போட வேண்டும். அரசையும் பிரதிவாதியாகச் சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 80-இன்படி 2 மாத அறிவிப்பு தேவை. அதுவரை காத்திருந்தால் கட்டடமே எழும்பிவிடும். 80(2)-இன்படி நீதிமன்ற அனுமதி வாங்கி உடனே இடைக்காலத் தடை கேளுங்கள்.

இனி ஆவணம். அ-பதிவேட்டு வரி ஒன்றே உரிமையை முடிவு செய்துவிடாது. 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், கோயில் நிலங்கள் புறம்போக்காகவும் தனியார் பெயரிலும் ஏறியது உண்டு. ஆகவே பின்னோக்கிப் போங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, பழைய–புதிய சர்வே எண் ஒப்பீட்டுப் பட்டியல், 1963-ஆம் ஆண்டு இனாம் (மானிய நில) ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பட்டா யாருக்கு என்று முடிவு செய்த செட்டில்மென்ட் உத்தரவு, கடைசியாக 1860-களின் இனாம் பதிவேடு. இந்த இனாம் பதிவேட்டின் நகலைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். அதில் 'தேவதாயம்' (கோயிலுக்கு விட்ட மானியம்) என்ற சொல் கிடைத்தால் வழக்கு நிமிர்ந்துவிடும். ஆனால் இன்றைய சர்வே எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயர், கோயில் பெயர், டி.டி. எண் (இனாம் உரிமைப் பத்திர எண்), பைமாஷ் எண் (பழைய நில அளவை எண்) வழியாகத்தான் பிடிக்க வேண்டும்.

பரப்பையும் சரிபாருங்கள். உங்கள் 1.40 ஏக்கர் ஏறத்தாழ 0.567 ஹெக்டேர். இன்றைய அ-பதிவேட்டில் 0.43 ஹெக்டேர் என்றிருந்தால், சுமார் 34 சென்ட் வேறு உட்பிரிவுக்குப் போயிருக்கிறது என்று பொருள். புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகலை வாங்கிப் பக்க அளவுகளை நிலத்தில் வைத்து அளந்தால் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று தெரிந்துவிடும்.

யு.டி.ஆர். பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்யலாம். ஊராட்சி உரிமை கோரி நிற்கும்போது உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கும் (நிலம் கோயிலுடையது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு) அவசியம். அறநிலையச் சட்டப் பிரிவு 29-இன் கீழ் கோயில் வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டில் இந்த நிலம் விட்டுப்போயிருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் காட்டும்.

கேள்வி: முந்தைய தக்காரே ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். செல்லுமா?

பதில்: ஆணையர் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் பிரிவு 34, விற்பனை, பரிவர்த்தனை, அடமானம், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஊராட்சித் தீர்மானம் அந்த அனுமதிக்கு ஈடாகாது.

கேள்வி: 'நாற்பது வருஷமாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது' என்று ஊராட்சி சொன்னால்?

பதில்: கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது, அதே அறநிலையச் சட்டத்தின் பிரிவு 109 அப்படிச் சொல்கிறது. ஆனால் நிலம் கோயிலுடையது என்று நிரூபித்த பிறகுதான் அந்தப் பிரிவு உங்கள் உதவிக்கு வரும்.